சூரியன் மறையாத கடல்

நம்மில் பெரும்பாலோர் இல்லங்களில் தொழுகை நேர அட்டவணை ஒன்று சுவரில் தொங்குகிறது. அதைச் சற்றுக் கூர்ந்து நோக்குங்கள். கடலூர், சிதம்பரம், பரங்கிப்பேட்டை ஆகிய கரையோர ஊர்களிலும், சற்று உள்ளே தள்ளிக் கரும்பும் நெல்லும் விளையும் அண்ணாகிராமத்திலும் மஃரிபு நேரம் ஆண்டு முழுவதும் மாலை 5.40க்கும் 6.40க்கும் இடையிலேயே அமைந்திருக்கும். நமது மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் மட்டுமே. கோடையில் நோன்பு வந்தாலும் குளிர்காலத்தில் வந்தாலும் நமக்குப் பெரிய மாற்றம் இல்லை. நிலநடுக்கோட்டுக்கு அருகில் வாழும் நமக்கு இறைவன் அளித்த வசதி இது.

இதே அட்டவணையை வடதுருவத்துக்கு அருகிலுள்ள ஓர் ஊருக்குத் தயாரிக்க முடியுமா? கோடையில் மஃரிபு என்ற கட்டத்தில் எதை எழுதுவது? அங்கே சூரியன் மறைவதே இல்லையே! அந்த வடகடல் இன்று கப்பல்களுக்கு வழிவிடத் தொடங்கியிருக்கிறது. அதன் விளைவு நமது கரை வரையிலும் வந்து சேரக் கூடியது. ஆகவே அதனைப் பற்றி நாம் அறிந்து வைப்பது நன்று.

நிலமல்ல, கடல்

வடதுருவம் என்றதும் பனி மூடிய ஒரு பெருநிலத்தைப் பலர் எண்ணிக் கொள்கின்றனர். அது சரியன்று. தென்துருவம்தான் பனி மூடிய கண்டம். வடதுருவமோ கடல். ரஷ்யா, நார்வே, கிரீன்லாந்து, கனடா, அலாஸ்கா ஆகிய நிலப்பகுதிகள் அந்தக் கடலை வளையமாகச் சூழ்ந்துள்ளன. கடல்நீரின் மேற்பரப்பே உறைந்து சில மீட்டர் கனமுள்ள பாளமாக மிதக்கிறது. குளிர்காலத்தில் அது விரிகிறது, கோடையில் சுருங்குகிறது. செப்டம்பர் மாதத்தில்தான் பனிப்பரப்பு மிகக் குறைவாக இருக்கும்.

பூமியின் அச்சு ஏறத்தாழ 23.4 பாகை சாய்ந்திருப்பதால் 66.5 பாகைக்கு வடக்கே உள்ள ஊர்களில் கோடையில் சில நாட்களோ பல வாரங்களோ சூரியன் அடிவானத்துக்குக் கீழே இறங்குவதில்லை. நார்வே நாட்டின் திரொம்சோ நகரில் மே மாதப் பிற்பகுதி முதல் ஜூலைப் பிற்பகுதி வரை நள்ளிரவிலும் வெயில் காயும். அதற்கு ஈடாக நவம்பர் இறுதியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் தலைகாட்டுவதே இல்லை.

உறங்காத முஅத்தின்

இந்த விந்தையை நம் முன்னோர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்டு எழுதி வைத்துள்ளனர். கி.பி. 921ஆம் ஆண்டு அப்பாசியக் கலீபா அல்முக்ததிர், வோல்கா ஆற்றங்கரையில் வாழ்ந்த பல்கார் மன்னரிடம் ஒரு தூதுக்குழுவை அனுப்பினார். அக்குழுவில் இருந்தவர் இப்னு ஃபத்லான். பாக்தாதிலிருந்து புறப்பட்ட அவர்கள் 922ஆம் ஆண்டு மே மாதம் அங்கே சென்றடைந்தனர். இன்றைய ரஷ்யாவின் கஸான் நகருக்குத் தெற்கே உள்ள பகுதி அது.

ஒருநாள் இரவு இப்னு ஃபத்லானும், அங்கே தங்கியிருந்த பாக்தாதைச் சேர்ந்த தையற்காரர் ஒருவரும் கூடாரத்தில் அமர்ந்து பேசிக் கொண்டிருந்தனர். இஷாவுக்கான பாங்கை எதிர்பார்த்திருந்தனர். பாங்கும் ஒலித்தது. வெளியே வந்து பார்த்தால் வானம் வெளுத்துவிட்டிருந்தது! எந்தத் தொழுகைக்கான பாங்கு என்று கேட்டபோது, அது ஃபஜ்ருக்கானது என்றார் முஅத்தின். இஷா என்னவாயிற்று என்று வினவியபோது, அதை மஃரிபுடன் சேர்த்தே தொழுவதாகக் கூறினார். உறங்கினால் ஃபஜ்ரு தவறிவிடுமோ என்று அஞ்சித் தாம் ஒரு மாத காலமாக இரவில் உறங்கவே இல்லை என்றும் அவர் தெரிவித்தார். அந்த முஅத்தினின் பொறுப்புணர்வை எண்ணிப் பாருங்கள்!

நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் இப்னு பதூதாவும் பல்கார் நகரின் குறுகிய இரவைத் தமது பயண நூலில் எழுதினார். அதற்கும் வடக்கே 'இருள் நாடு' ஒன்று உண்டு என்றும், நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டிகளில் பல நாள் பயணம் செய்து வணிகர்கள் அங்கே செல்வர் என்றும் அவர் குறிப்பிட்டுள்ளார். கொண்டு சென்ற பொருளை ஓரிடத்தில் வைத்துவிட்டு வணிகர்கள் விலகிவிடுவர். மறுநாள் வந்து பார்த்தால் அதனருகே மென்மயிர்த் தோல்கள் வைக்கப்பட்டிருக்கும். நிறைவளித்தால் எடுத்துக் கொள்வர், இல்லையேல் விட்டுவிடுவர். ஒருவர் முகத்தை ஒருவர் காணாமலேயே நாணயமாக நடந்த வணிகம் அது. அங்கே தாம் செல்லவில்லை என்பதையும் இப்னு பதூதா மறைக்கவில்லை.

அடையாளம் மறைந்தால் கணக்கு

சூரியனே வழிகாட்டாத இடத்தில் தொழுகைக்கும் நோன்புக்கும் வழி என்ன? ஓராண்டு நீளமுள்ள ஒரு நாளைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துரைத்தபோது, அந்நாளில் ஒருநாளுக்குரிய தொழுகை போதுமா என்று தோழர்கள் வினவினர். போதாது, நேரத்தைக் கணித்துக் கொள்ளுங்கள் என்ற கருத்தில் பெருமானார் விடையளித்த செய்தி முஸ்லிம் ஹதீஸ் தொகுப்பில் உள்ளது. இந்த வழிகாட்டுதலே அடிப்படையாகும்.

இதிலிருந்து ஆலிம்கள் இரு வழிகளைக் காட்டுகின்றனர். இரவும் பகலும் தெளிவாகப் பிரியும் மிக அருகிலுள்ள ஊரின் நேரத்தைக் கொள்வது ஒன்று. மக்கா நகரின் நேரத்தைக் கொள்வது மற்றொன்று. திரொம்சோவில் மக்காவின் நேரத்தைப் பின்பற்றி நோன்பு துறப்போர் உண்டு. வெளியே வெயில் பளிச்சிட, வீட்டுக்குள் பேரீச்சம்பழத்துடன் நோன்பு திறக்கும் காட்சி நமக்கு வியப்பளிக்கும். அவர்களுக்கு அது வழக்கம்.

வேகா கண்ட வழி

சோழமண்டலக் கரை முஸ்லிம்களுக்குக் கடல் புதிதன்று. மஹ்மூது பந்தர் என்று பெயர் பெற்றிருந்த பரங்கிப்பேட்டையிலிருந்து நம் மரக்கல வணிகர்கள் கெடா, அச்சே முதலிய கீழைத்துறைகளுக்குச் சென்று வந்தனர். 'மாலுமி' என்ற சொல்லே 'முஅல்லிம்' என்ற அரபுச் சொல்லின் வழி வந்ததாகும். நம்மவர்கள் பருவக்காற்றைக் கணித்துப் பாய் விரித்தனர். வடகடலில் கணிக்க வேண்டியதோ பனியை.

ஐரோப்பாவிலிருந்து ரஷ்யாவின் வடகரையை ஒட்டியே கிழக்காசியாவுக்குச் செல்ல முடியுமா என்று ஐரோப்பியர் முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக முயன்றனர். கனடாவின் பக்கமாக வழி தேடி 1845இல் புறப்பட்ட பிராங்க்ளின் குழுவில் 129 பேரும் மாண்டனர். அவர்களது இரு கப்பல்களும் கடலடியில் 2014, 2016ஆம் ஆண்டுகளில்தான் கண்டறியப்பட்டன.

ரஷ்யக் கரை வழியில் முதலில் வெற்றி கண்டது 'வேகா' என்ற சுவீடன் நாட்டுக் கப்பல். நோர்டென்ஷால்ட் தலைமையில் 1878 ஜூலையில் திரொம்சோவிலிருந்து கிளம்பிய அது, செப்டம்பர் இறுதிக்குள் பெரும்பகுதியைக் கடந்துவிட்டது. பெரிங் நீரிணைக்கு இன்னும் சுமார் 200 கிலோமீட்டரே இருந்தது. அந்நிலையில் பனி இறுகிக் கப்பலைச் சிறைப்படுத்திற்று. பத்து மாதங்கள் அசைய இயலவில்லை. 1879 ஜூலையில் பனி விலகியது. வேகா நீரிணையைக் கடந்தது. சில நாட்கள் முந்தியிருந்தால் பத்து மாதங்கள் மிஞ்சியிருக்கும்!

ஜப்பான், சிங்கப்பூர் வழியே தாயகம் திரும்பிய வேகா, 1879 டிசம்பரில் இலங்கையின் காலித் துறைமுகத்தில் நங்கூரமிட்டது. வடகடலின் பனியில் உறைந்து கிடந்த மரக்கலம் அதே ஆண்டில் நம் தென்கடலின் வெயிலில் நின்றது என்பது சுவையான செய்தியன்றோ?

படகேறிச் சென்ற பள்ளிவாசல்

வடக்கே வாழ்வோருக்குக் கப்பல் பருவம் எத்துணை இன்றியமையாதது என்பதற்கு ஒரு சான்று. கனடாவின் வடகோடியில் இனுவிக் என்றொரு சிற்றூர் உள்ளது. அங்கே சுமார் நூறு முஸ்லிம்கள் வாழ்ந்தனர். தொழுவதற்கு ஒரு சிறு கூடமே இருந்தது. அங்கே கட்டுமானச் செலவு மிக அதிகம். ஆகவே வின்னிபெக் நகரில் பள்ளிவாசலை முழுமையாகக் கட்டி, 2010ஆம் ஆண்டு லாரியில் ஏற்றி அனுப்பினர். நெடுந்தொலைவு சாலையில் சென்ற பள்ளிவாசல், பின்னர் மெக்கன்சி ஆற்றில் தட்டையான சரக்குப் படகில் ஏறியது. மொத்தத் தொலைவு சுமார் 4,000 கிலோமீட்டர். ஆறு உறைவதற்கு முன் செல்லும் கடைசிப் படகு அது. அதைத் தவறவிட்டிருந்தால் அடுத்த கோடை வரை காத்திருக்க நேர்ந்திருக்கும். அவ்வாண்டு நவம்பரில் பள்ளிவாசல் திறக்கப்பட்டது. ரஷ்யாவின் நோரில்ஸ்க் நகரில் 1998இல் எழுந்த நூருத் கமால் பள்ளிவாசல் இதனினும் வடக்கே உள்ளது.

இன்றைய வழியும் நம் பிள்ளைகளும்

ஜப்பானின் யோகோஹாமாவிலிருந்து நெதர்லாந்தின் ராட்டர்டாமுக்குச் சூயஸ் வழியே சுமார் 20,000 கிலோமீட்டர். வடகடல் வழியே சுமார் 13,000 கிலோமீட்டர்தான். 1991இல் ரஷ்யா இவ்வழியை வெளிநாட்டுக் கப்பல்களுக்குத் திறந்துவிட்டது. அணுசக்தியால் இயங்கும் பனியுடைப்புக் கப்பல்கள் முன்னே பாளங்களைப் பிளந்து செல்ல, சரக்குக் கப்பல்கள் பின்தொடர்கின்றன. 2024ஆம் ஆண்டு இவ்வழியில் சென்ற சரக்கு ஏறத்தாழ 3 கோடியே 79 லட்சம் டன். இதில் பெரும்பகுதி ரஷ்யாவின் எரிவாயுவும் எண்ணெயுமே. சூயஸுடன் ஒப்பிட்டால் இது சிறு பங்கு எனினும் முன்னாட்களை நோக்கப் பன்மடங்கு.

நம் நாட்டுக்கும் இதில் நாட்டம் உண்டு. சென்னைக்கும் ரஷ்யாவின் விளாதிவஸ்தோக்குக்கும் இடையே கடல்வழித் தொடர்பை வளர்ப்பதற்கு 2019 செப்டம்பரில் இரு நாடுகளும் இசைந்தன. அத்தொலைவு சுமார் 10,300 கிலோமீட்டர். விளாதிவஸ்தோக்கிலிருந்து வடக்கே திரும்பினால் பெரிங் நீரிணை. அதைக் கடந்தால் வடகடல்.

ஆயினும் ஆபத்து நீங்கிவிடவில்லை. 2021 நவம்பரில் பனி எதிர்பாராது முன்னதாகவே இறுகியதால் இருபதுக்கு மேற்பட்ட கப்பல்கள் அங்கே சிக்கித் தவித்தன. அலைத்துளி தளத்தில் பட்டதும் உறைந்து, கப்பலையே கவிழ்க்கும் அளவுக்குப் பாரமாகிவிடுவதும் உண்டு. துருவத்தருகே காந்தத் திசைகாட்டியையும் முழுமையாக நம்ப இயலாது. உதவி வந்து சேர நாட்களாகும். அதனால்தான் 2017 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த துருவக் கடல் விதிகள், கப்பலைக் கைவிட நேர்ந்தால் குறைந்தது ஐந்து நாட்கள் உயிர் காக்கும் ஏற்பாடு வேண்டும் என்கின்றன.

கப்பல் வேலைக்குப் பிள்ளையை அனுப்ப எண்ணும் பெற்றோர் இதை மனத்தில் கொள்ளுதல் வேண்டும். பனிக்கடலில் செல்லும் கப்பல்களின் அதிகாரிகளுக்குத் தனிப் பயிற்சிச் சான்றிதழ் தேவை. ஆள் சேர்க்கும் முகவர், கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் பெற்றவரா என்பதை உறுதி செய்த பின்னரே கையொப்பமிடுவது நலம். எந்தக் கடல், எந்தப் பருவம் என்று கேட்கப் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் உரிமை உண்டு.

குவளையிலுள்ள பனிக்கட்டி

வழி திறக்கிறது என்று மகிழ்வதா? ஏன் திறக்கிறது என்பதையும் கேட்க வேண்டும். 1980களில் செப்டம்பர் மாதத்தில் வடகடலில் சுமார் 70 லட்சம் சதுர கிலோமீட்டர் பனி இருந்தது. 2012இல் அது 34 லட்சமாகச் சுருங்கியது. உலகின் சராசரியைக் காட்டிலும் அப்பகுதி ஏறத்தாழ நான்கு மடங்கு வேகமாக வெப்பமடைந்து வருகிறது. வெண்பனி வெயிலைத் திருப்பி அனுப்பும். கரிய கடல்நீர் அதை உள்வாங்கும். ஆகவே உருக உருக, மேலும் உருகும்.

இல்லத்தரசிகள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். நன்னாரி சர்பத் குவளையில் மிதக்கும் பனிக்கட்டி கரைந்தால் மட்டம் உயராது. வெளியிலிருந்து ஒரு கட்டியைப் போட்டால் உயரும். மிதக்கும் கடற்பனி முதல் வகை; கிரீன்லாந்தின் நிலத்தின் மேலுள்ள பனி இரண்டாம் வகை. அது முழுவதும் உருகினால் உலகக் கடல்மட்டம் சுமார் 7 மீட்டர் உயரும். அதற்கு மிக நெடுங்காலம் ஆகும். எனினும் ஆண்டுதோறும் அது கரைந்து கொண்டுதான் இருக்கிறது. கடல் சிறிது உயர்ந்தாலும் தேவனாம்பட்டினத்தின் மணல் கரையும்; பிச்சாவரத்தின் உப்பங்கழி உள்ளே நகரும்; கரையோரக் கிணற்று நீர் கரிக்கும். 2004இன் ஆழிப்பேரலையையும் 2011இன் தானே புயலையும் கண்ட நமக்குக் கடல் ஓரடி முன்னே வருவதன் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை.

நம் மழைக்கும் அந்தப் பனிக்கும் உள்ள தொடர்பையும் அறிஞர்கள் ஆராய்ந்து வருகின்றனர். நார்வேக்குரிய ஸ்வால்பார்ட் தீவில் 'ஹிமாத்ரி' என்ற இந்திய ஆய்வு நிலையம் 2008 ஜூலை முதல் இயங்கி வருகிறது. அருகிலுள்ள கடற்கழியில் 2014இல் இறக்கப்பட்ட 'இண்டார்க்' என்ற நீரடிக் கருவித் தொகுதியை உருவாக்கியதில் சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்துக்குப் பெரும் பங்கு உண்டு. பனிக்கடலின் நாடித்துடிப்பைச் சென்னையில் பிறந்த கருவி கேட்கிறது!

வாசகர்களே! பூமியில் எதையும் வீணாக்காதீர், வரம்பு மீறாதீர் என்று நமக்குக் கற்பிக்கப்பட்டுள்ளது. தேவையின்றி எரியும் விளக்கும், வெறுமனே ஓடும் வண்டியும் சிறு காரியங்களே. ஆனால் அச்சிறு காரியங்கள் கோடிக்கணக்கில் சேர்ந்தே வடகடலின் பனியைக் கரைக்கின்றன. இரவே இல்லாத ஊரில் ஒரு தொழுகை தவறக்கூடாது என்று ஒரு மாதம் விழித்திருந்தார் அந்த முஅத்தின். இரவும் பகலும் ஒழுங்காக வந்து போகும் ஊரில் வாழும் நாம், இந்த ஒழுங்கைக் காப்பதில் விழிப்போடு இருக்க வேண்டாமா?