அகச்சிவப்பு நுண் நிறமாலையியல்

அகச்சிவப்பு நுண் நிறமாலையியல் என்பது நுண்ணோக்கியையும் அகச்சிவப்பு நிறமாலைமானியையும் இணைத்து, மிகச் சிறிய மாதிரி எந்தப் பொருளால் ஆனது எனக் கண்டறியும் முறையாகும். காஞ்சிபுரம் பட்டுப் புடவையின் ஓரத்திலிருந்து எடுத்த ஒற்றை இழையே இதற்குப் போதும்.

பட்டா, போலியா என அறிய நெசவாளர்கள் நெடுங்காலமாக நூலை எரித்துப் பார்க்கின்றனர். பட்டு எரிந்தால் மயிர் கருகும் நாற்றம் வரும். சாம்பல் விரலில் நொறுங்கும். பாலியெஸ்டர் உருகி, கெட்டியான உருண்டையாகும். எளிய, நல்ல சோதனைதான். ஆனால் பட்டோடு வேறு நாரைச் சேர்த்து முறுக்கிய நூலில், பட்டின் நாற்றம் மற்றதை மறைத்துவிடலாம். பழைய கோயில் பட்டில் எரித்துப் பார்க்க நூலைப் பிரிக்கவும் மனம் வராது.

மூலக்கூறில் அணுக்களை இணைக்கும் பிணைப்புகள் சுருள்வில் போல ஓயாமல் அதிர்கின்றன. ஒவ்வொரு பிணைப்பும் தன் அதிர்வுக்குப் பொருந்தும் அகச்சிவப்புக் கதிரை மட்டும் உட்கவரும். அந்த இடத்தை அலையெண்ணால், அதாவது ஒரு சென்டிமீட்டரில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கையால் குறிப்பர். பட்டின் ஃபைப்ராயின் ஒரு புரதம். அதன் அமைடு பிணைப்புகள் 1620–1650, 1515–1530 ஆகிய இடங்களில் வலுவான பட்டைகளைத் தரும். பாலியெஸ்டரில் 1720 அருகே கூர்மையான எஸ்டர் பட்டை எழும். செல்லுலோசான விஸ்கோசில் அமைடு பட்டைகளே இரா. 1000–1100 பகுதியில் அகன்ற பட்டை தெரியும். ஏமாற்றக்கூடியது நைலான். அதிலும் அமைடு பிணைப்பு உண்டு. ஆனால் அதன் நீண்ட கார்பன் சங்கிலி 2930, 2860 அருகே வலுவான பட்டைகளைக் காட்டுவதால் பிடிபட்டுவிடும்.

சாதாரணக் கண்ணாடி இக்கதிர்களை விழுங்கிவிடும். ஆகவே இந்த நுண்ணோக்கியில் வில்லைகளுக்குப் பதில் வளைந்த ஆடிகள் உள்ளன. பிரிட்டனில் பேரர், கோல், தாம்சன் ஆகியோர் 1949-இல் இத்தகைய ஆடி நுண்ணோக்கியைக் கொண்டு செய்த ஆய்வை வெளியிட்டனர். கதிரின் அலைநீளமே சில மைக்ரோமீட்டர் என்பதால், சுமார் 10 மைக்ரோமீட்டருக்குக் கீழான நுணுக்கம் கிட்டுவது கடினம். பசை நீக்கிய பட்டிழையின் தடிமனும் ஏறத்தாழ அவ்வளவே! உருண்டையான இழை கதிரைச் சிதறடிக்கும். அதனால் அதை நசுக்கித் தட்டையாக்கிய பின்பே வைப்பர்.

சரிகையில் இம்முறை பாதி வேலைதான் செய்யும். உள்ளே இருக்கும் சிவப்பு நூல் பட்டா என்று சொல்லும். அதன்மேல் சுற்றிய வெள்ளியும் தங்கப் பூச்சும் உலோகங்கள். அவை கதிரைத் திருப்பி அனுப்பிவிடும். அவற்றின் அளவை அறிய எக்ஸ் கதிர் ஒளிர்வு முறை வேண்டும்.

புடவை காஞ்சிபுரத்தில் நெய்ததா, கைத்தறியா, விசைத்தறியா என்பதற்கும் நிறமாலையில் விடை இல்லை. மத்தியப் பட்டு வாரியம் 2004-இல் தொடங்கிய சில்க் மார்க் முத்திரை பட்டின் தூய்மைக்கானது. ஊருக்குரியது, 2005–06-இல் காஞ்சிபுரம் பட்டு பெற்ற புவிசார் குறியீடு. கோர்வை போட்டு உடலையும் கரையையும் இணைத்திருக்கிறதா என்று பார்க்க, புடவையின் பின்புறத்தைத் திருப்பிப் பார்க்கும் நெசவாளரின் கண்ணே இன்றும் தேவை.