கற்பவரைத் தேடிச் செல்லும் கல்வி

திருச்சிராப்பள்ளி – சென்னை நெடுஞ்சாலையில் பெரம்பலூரைக் கடந்து சிறிது தொலைவு சென்றால் ரஞ்சன்குடிக் கோட்டை தென்படும். பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் மாவட்டம் இது. விதைப்பு, களையெடுப்பு, அறுவடை என உழவு வேலைகளே இங்கு மக்களின் நாளை வகுக்கின்றன. பள்ளிப் பருவத்தைத் தவறவிட்ட உழவுத் தொழிலாளி ஒருவர் மீண்டும் கற்க விரும்பினால், காலை 10 மணிக்குத் தொடங்கும் வகுப்பு அவருக்குப் பயன்படாது. ஒரு நாள் கூலியை இழந்து எழுத்தைப் பெறுவது அவருக்கு எளிதன்று. ஆதலின், வயதுவந்தோர் கல்வியில் 'எதைக் கற்பிப்பது' என்னும் வினாவிற்கு முன்பே, 'எப்போது, எங்கே கற்பிப்பது' என்னும் வினா எழுகின்றது.

அறிவொளி காட்டிய வழி

இவ்வினாவிற்குத் தமிழகம் முன்னரே ஒரு விடை கண்டது. 1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கப்பெற்றது. 1990இல் கேரளத்தின் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து தமிழக மாவட்டங்களிலும் அறிவொளி இயக்கம் பரவியது. அவற்றுள் புதுக்கோட்டை சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. அங்குத் தன்னார்வலர்கள் கற்போரின் ஊருக்கே சென்று, வேலை முடிந்த நேரத்தில் கற்பித்தனர். பாடல்களும் வீதி நாடகங்களும் கல்வியின் பயனை எடுத்துரைத்தன.

அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் மிதிவண்டிப் பயிற்சியையும் இவ்வியக்கத்துடன் இணைத்தார். உழவுத் தொழிலாளர், கல்குவாரித் தொழிலாளர் எனப் பல்லாயிரம் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். பிறரை எதிர்பாராமல் வகுப்பிற்கும் சந்தைக்கும் சென்றுவர அவர்களால் முடிந்தது. எழுத்தும் பயணமும் ஒருசேரத் தன்னம்பிக்கையை வளர்த்தன.

கற்றல் பாணி என்னும் கருத்து

ஒருவர் கண்டு கற்பவர், மற்றொருவர் கேட்டுக் கற்பவர், வேறொருவர் செய்து கற்பவர் என மனிதரைப் பிரித்து, அதற்கேற்பக் கற்பிக்க வேண்டும் என்பது பரவலான கருத்து. ஆயினும், 2008இல் ஹெரால்டு பாஷ்லர் உள்ளிட்ட உளவியலாளர் நால்வர் அதுவரையிலான ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, இப்பிரிவினைக்குப் போதிய சான்று இல்லை என்று கூறினர். கற்கும் முறையில் ஒவ்வொருவருக்கும் விருப்பம் உண்டு. அவ்விருப்பப்படி கற்பித்தால் மட்டுமே கல்வி கைகூடும் என்பதற்குச் சான்றில்லை.

ஆகவே, கற்பவருக்கு முத்திரை குத்துவதைவிடப் பாடத்திற்கேற்ற முறையைத் தேர்வதே நன்று. எழுத்தின் வடிவத்தைக் கண்டு எழுதிப் பழக வேண்டும். மிதிவண்டியை ஓட்டியே பழக வேண்டும். கூலிக் கணக்கை மனத்திலேயே போடும் ஒருவருக்கு, அக்கணக்கே எண்களைக் கற்பிக்கும் முதற்பாடம் ஆகலாம். அவர் வெறுங்கையுடன் வகுப்பிற்கு வருவதில்லை. வாழ்க்கை அனுபவத்துடன் வருகின்றார்.

திறந்திருக்கும் வாயில்கள்

எழுத்தறிவிற்கு அப்பாலும் இந்நெகிழ்வு தொடர்கின்றது. 1985இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் நிறுவப்பட்டன. பணியை விடாமல் வீட்டிலிருந்தே பயிலவும், அருகிலுள்ள கல்வி மையத்தில் ஐயம் தெளியவும் இவை வழிசெய்கின்றன.

இத்தகைய நெகிழ்வு கல்வியின் தரத்தைத் தளர்த்துவதன்று. கல்விக்கும் கற்பவருக்கும் இடையேயுள்ள தடையை நீக்குவதாகும். வெங்காய அறுவடைக் காலத்தில் வகுப்பிற்கு வர இயலாதவர் அறுவடை முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர முடியுமானால், அவர் கல்வியை இடையில் கைவிட வேண்டிய நிலை நேராது.