'நான் இல்லை' என்பதை யாரிடம் சொல்வது? பௌத்தமும் ஒருபால் உறவாளர் உரிமையும்

அம்பேத்கரின் பௌத்தம் குறித்த ஒரு கூட்டம் முடிந்து வெளியே டீக்கடையில் நின்றுகொண்டிருந்தோம். ஒருபால் உறவாளர் உரிமைக்காக வேலை செய்கிற தம்பி ஒருவரும் வந்திருந்தார். நான் இப்படிப்பட்டவன் என்று வெளிப்படையாகச் சொல்லி வாழ பௌத்தத்தில் இடம் உண்டா என்று அவர் கூட்டத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் வருமுன்பே நேரம் முடிந்திருந்தது. மூத்த தோழர் ஒருவர் அவர் தோளில் கைபோட்டுச் சொன்னார்: "தம்பி, புத்தர் 'நான்'ங்கறதே இல்லைன்னுட்டாரு. அப்புறம் நான் இன்னாருன்னு எதுக்குச் சுமந்துக்கிட்டுத் திரியணும்? எறக்கி வையுங்க." தம்பி சிரித்துக்கொண்டே, "நீங்க முதல்ல எறக்குங்க தோழர். ஆம்பளை, கல்யாணமானவன், ரெண்டு புள்ளைக்கு அப்பன்னு நீங்க சுமக்கறது என்னோடதைவிட கனமாச்சே" என்றார்.

அதற்குமேல் அங்கே யாரும் பேசவில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பதிலுக்கான விரிவுரை மட்டுமே.

1

பௌத்தமும் ஒருபால் உறவும் என்று பேச்செடுத்தால் இரண்டு அவசரப் பதில்கள் தயாராக இருக்கின்றன. பௌத்தம் யாரையும் ஒதுக்காத கருணை மார்க்கம், அதில் இந்தப் பிரச்சினையே கிடையாது என்பது ஒன்று. பௌத்தமும் மற்ற மதங்களைப் போலத்தான், துறவிகள் எழுதிய நூல்களில் வேறென்ன இருக்கும் என்பது மற்றொன்று. இரண்டுமே பிரதிகளைத் திறந்து பார்க்காமல் சொல்லப்படுபவை.

விநய பிடகத்திலிருந்து தொடங்குவோம். பிக்கு ஒருவர் சங்கத்தை விட்டே நீங்க நேர்கிற குற்றங்கள் நான்கு. பாராஜிகம் எனப்படும் இவற்றில் முதலாவது உடலுறவு. இந்த விதிக்குக் காரணமானவர் சுதின்னர். வம்சம் தழைக்க ஒரு பிள்ளை வேண்டும் என்று தாய் மன்றாடியதால், துறவுக்கு முன் தனக்கு மனைவியாக இருந்தவளோடு கூடினார். அதாவது, நம் சமூகம் எதை மிக மிக 'இயற்கையான' உறவு என்று கொண்டாடுகிறதோ, அதுதான் இங்கே முதல் குற்றம். பிள்ளைப்பேறு என்ற நியாயம் அங்கே செல்லுபடியாகவில்லை. பிறகு விதி விரிகிறபோது பெண், ஆண், பண்டகர், இருகுறி உடையோர் என எல்லோரும் ஒரே பட்டியலில் வருகிறார்கள். ஆணோடு கூடியதற்குத் தனித் தண்டனை, தனி அருவருப்பு என்று எதுவும் இல்லை. இயற்கை/இயற்கைக்கு மாறானது என்கிற இருமை இந்த விதியின் அளவுகோலே அல்ல. பற்று, அதனால் விளையும் துக்கம் என்பதே அதன் அளவுகோல்.

இன்னொரு வழக்கு நம்மை இன்னும் வியக்க வைக்கிறது. பிக்கு ஒருவருக்குப் பெண்ணுக்குரிய அடையாளங்கள் தோன்றிவிடுகின்றன. புத்தர் அவரை விலக்கவில்லை. அதே ஆசான், அதே துறவேற்பு, அதே மூப்பு ஆண்டுகள், இனி பிக்குணிகளோடு இருக்கட்டும் என்கிறார். பிக்குணிக்கு ஆண் அடையாளம் தோன்றினாலும் இதே ஏற்பாடு. உடல் மாறியது, ஆனால் கற்றதும் கடந்துவந்த ஆண்டுகளும் மாறவில்லை. இன்று ஒரு சான்றிதழில் பெயர் மாற்ற அலுவலகம் அலுவலகமாக அலைகிற திருநங்கையரிடம் இதைச் சொன்னால் என்ன நினைப்பார்களோ!

சரி, இத்தோடு நிறுத்திக்கொண்டு பௌத்தம் நம் பக்கம் என்று கொடி கட்டிவிடலாமா? முடியாது. அதே விநயத்தில் பண்டகருக்குத் துறவு தரக்கூடாது என்ற விதியும் இருக்கிறது. (பண்டகர் என்ற சொல்லை ஒருபால் உறவாளர் என்று நேரே பெயர்த்துவிட முடியாது. ஆண்மையின் இலக்கணத்துக்குள் அடங்காத பலரையும் சேர்த்து வைத்திருந்த பை அது.) இந்த விதி பிறந்த கதையைக் கவனிக்க வேண்டும். துறவேற்ற ஒரு பண்டகர் இளம் பிக்குகளை அழைக்கிறார், விரட்டுகிறார்கள். இளந்துறவிகளிடம் போகிறார், அங்கும் விரட்டுகிறார்கள். கடைசியில் யானைப்பாகர்களிடமும் குதிரைக்காரர்களிடமும் போகிறார். அவர்கள் அவரோடு கூடிவிட்டு, சாக்கிய புத்திரர்கள் எல்லோருமே இப்படித்தான் என்று ஊரெல்லாம் பேசுகிறார்கள். பேச்சு புத்தரின் காதுக்கு வருகிறது. விதி பிறக்கிறது.

அனுபவித்தவர்களும் அவர்களே, அவதூறு பேசியவர்களும் அவர்களே. வாசல் அடைக்கப்பட்டது மட்டும் பண்டகருக்கு. இங்கே செயல்படுவது தம்மம் அல்ல, 'ஊர் என்ன சொல்லும்' என்ற பயம். சங்கம் பிச்சைப் பாத்திரத்தை நம்பி வாழ்ந்த அமைப்பு. பாத்திரம் நிறைய வேண்டுமானால் ஊரோடு சமாதானம் வேண்டும். பிம்பிசாரன் முறையிட்டதால் அரச சேவகர்களுக்குத் துறவு மறுக்கப்பட்டது. சுத்தோதனர் கேட்டுக்கொண்டதால் பெற்றோர் அனுமதி கட்டாயமாயிற்று. அடிமைகளுக்கும் கடனாளிகளுக்கும் தொழுநோயாளிகளுக்கும் கதவு மூடிய விதிகளும் இந்த வரிசையில்தான் வருகின்றன. அதிகாரத்தோடும் சொத்தோடும் குடும்பத்தோடும் சங்கம் செய்துகொண்ட ஒப்பந்தங்கள் இவை. தம்மம் வேறு, ஒப்பந்தம் வேறு. இரண்டையும் பிரித்து வாசிப்பதே நம் வேலை.

2

இல்லறத்தாருக்கான ஐந்து சீலங்களில் மூன்றாவது தகாக் காமத்தைத் தவிர்த்தல். பழைய சுத்தங்கள் இதை விளக்கும்போது தாய் தந்தையரின் காவலில் உள்ள பெண், பிறன் மனைவி என்று பட்டியலிடுகின்றன. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கூடுவது அந்தப் பட்டியலில் இல்லை. தகாத உறுப்பு, தகாத இடம், தகாத நேரம் என்ற வரையறைகள் பிற்கால உரைநூல்களில் வருகின்றன. அவை கணவன் மனைவிக்கும் சேர்த்தே சொல்லப்பட்டவை.

1997 ஜூனில் சான் பிரான்சிஸ்கோவில் ஒருபால் உறவாளர் பிரதிநிதிகள் தலாய் லாமாவைச் சந்தித்தபோது இதுதான் விவாதமாயிற்று. பௌத்த நெறிப்படி இவ்வுறவு தகாக் காமம் என்றே கொள்ளப்படுகிறது என்றார் அவர். ஆனால் சமூக நோக்கில், இருவரும் விரும்பிச் செய்கிற, யாருக்கும் தீங்கில்லாத உறவில் தவறில்லை என்றும், இவர்களுடைய மனித உரிமைகள் மதிக்கப்பட வேண்டும் என்றும் சொன்னார். நூலின் விதியைத் தனியொருவராகத் தன்னால் மாற்ற முடியாது, சங்கம் கூடித்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது அவர் நிலை. வந்தவர்களில் பலருக்கு இது பாதி ஏமாற்றம். ஆனால் இதில் நமக்கு உதவுகிற ஒரு பிரிப்பு இருக்கிறது. உரிமை, நூலின் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சங்கம் கூடுகிறபோது கூடட்டும்.

நூலைவிடச் சிக்கலானது கர்மக் கணக்கு. தேரி காதையில் இசிதாசி தன் முற்பிறவிகளைச் சொல்கிறாள். ஆணாக இருந்து பிறன்மனை விழைந்த பாவத்துக்கு நரகம், காயடிக்கப்பட்ட விலங்குப் பிறவிகள், பிறகு அடிமைப் பெண்ணின் வயிற்றில் ஆணும் அல்லாத பெண்ணும் அல்லாத பிறவி. தாய்லாந்தில் ஒருபால் உறவாளர், திருநங்கையர் பற்றிய பேச்சில் இந்தக் கணக்கு இன்றும் புழங்குகிறது. அதற்குள் ஒரு கருணையும் இருக்கிறது: பாவம் அவங்க, போன பிறவியில் செய்தது, நாளைக்கு நாமும் அப்படிப் பிறக்கலாம், வெறுக்காதே. ஆனால் அந்தக் கருணைக்குத் தரவேண்டிய விலை, 'நான் ஒரு தண்டனை' என்று ஒப்புக்கொள்வது.

இந்த இடத்தில் அம்பேத்கர் நமக்குத் துணை வருகிறார். முற்பிறவிக் கர்மம் என்ற கருத்து, ஏழைகளின், தாழ்த்தப்பட்டோரின் நிலைக்குப் பொறுப்பேற்பதிலிருந்து அரசும் சமூகமும் தப்பித்துக்கொள்வதற்கான வழி என்று 'புத்தரும் அவரது தம்மமும்' நூலில் அவர் அதை நிராகரிக்கிறார். சாதிக்குச் சொன்ன இந்த விமர்சனத்தைப் பாலியலுக்கும் நீட்டுவதில் தடையேதும் இல்லை. அவரே அந்தப் பக்கம் போனவர்தான். 1934இல் ர. தோ. கர்வே தமது 'சமாஜ் ஸ்வாஸ்த்ய' இதழில் வாசகர்களின் பாலியல் கேள்விகளுக்குப் பதிலளித்ததற்காக ஆபாச வழக்கில் சிக்கியபோது, அவருக்காக வழக்காடியவர் அம்பேத்கர். வழக்கு தோற்றது, கர்வேக்கு அபராதம். தோற்றால் என்ன? கேட்கிறவனுக்குப் பதில் தர வேண்டும், வெட்கத்தைச் சட்டமாக்கக் கூடாது என்ற நிலைப்பாடு நிற்கிறது.

3

தம்மமும் ஒப்பந்தமும் வேறு என்றோம். ஒப்பந்தம் சட்டமாகிற இடத்துக்கு நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது.

இலங்கையின் 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பும் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பும் பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகின்றன. அதே நாட்டின் தண்டனைச் சட்டக் கோவையில் 365, 365ஏ பிரிவுகள். 'இயற்கையின் ஒழுங்குக்கு மாறான' உறவுக்குப் பத்தாண்டு வரை சிறை. இந்தக் கோவை 1883இல் பிரிட்டிஷார் கொண்டுவந்தது. நம் 377ஆம் பிரிவுக்கும் அதற்கும் தாய் ஒருத்திதான். இயற்கையின் ஒழுங்கு என்ற கருத்தே படைத்தவன் ஒருவனை முன்னிறுத்துவது. படைப்புக் கடவுளை ஏற்காத தம்மத்தில் அதற்கு வேர் கிடையாது. ஆனால் சட்டத்தை எடுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் உடனே எழுகிற குரல்: இது நம் பௌத்தப் பண்பாட்டுக்கு ஒவ்வாது! விக்டோரியா காலத்து வெட்கத்துக்குக் காவி உடுத்திவிட்டார்கள்.

1995இல் இச்சட்டத்தைத் திருத்தினார்கள். 365ஏ பிரிவில் 'ஆண்' என்றிருந்ததை 'ஆள்' என்று மாற்றினார்கள். விளைவு, அதுவரை சட்டத்தின் கண்ணில் படாதிருந்த பெண்களும் குற்றவாளிகள் ஆனார்கள். சமத்துவம் இப்படியும் வரும்! 2016இல் மாளிகாவத்தைக்கு அருகிலுள்ள மருதானை காவல்நிலைய வழக்கில் உச்ச நீதிமன்றம், வயதுவந்தோர் விரும்பிக் கொள்ளும் உறவைக் காவல்காப்பது அரசின் வேலையல்ல என்பதே இன்றைய சிந்தனை என்று ஒப்புக்கொண்டது. ஆனால் சட்டம் இருக்கிறதே என்று தீர்ப்பை நிலைநிறுத்தித் தண்டனையை மட்டும் ஒத்திவைத்தது. 2022இல் ரோசன்னா ஃப்ளேமர்-கல்தேரா தொடுத்த முறையீட்டில், பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. குழு இலங்கை அரசைக் குற்றம் கண்டது. 2023 மே மாதம், இப்பிரிவுகளைத் தளர்த்தும் தனிநபர் மசோதா அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மசோதா நிறைவேறாமலே 2024இல் அந்த நாடாளுமன்றம் கலைந்தது.

பௌத்த நாடு என்றாலே இப்படித்தான் என்றும் சொல்ல முடியாது. தைவானில் 2012இலேயே ஷீ சாவ்-ஹுவெய் என்ற பிக்குணி இரு பெண்களுக்குப் பௌத்த முறையில் திருமணம் நடத்திவைத்தார். சட்டம் அங்கே 2019இல்தான் வந்தது. தாய்லாந்தில் 2025 ஜனவரியில் திருமணச் சமத்துவம் நடைமுறைக்கு வந்தது. நூல்கள் ஏறக்குறைய அவையேதான். யார் கையில் இருக்கின்றன, எந்த அரசியலுக்கு உதவுகின்றன என்பதே வேறு. பெரும்பான்மைத் தேசியத்தின் தன்னிலையாக பௌத்தம் கட்டமைக்கப்படும்போது, அதற்கு மற்றமைகள் தேவைப்படுகின்றன. தமிழர், முஸ்லிம், ஒருபால் உறவாளர் என்று பட்டியல் நீள்கிறது. அதே நேரம் 'நம் பண்பாட்டில் இது கிடையாது' என்று தமிழ்த் தேசியமும் அதே குரலில் பேசுவதை நாம் கேட்காமல் இல்லை.

4

இப்போது டீக்கடைக்குத் திரும்பலாம்.

மூத்த தோழர் சொன்னதில் தத்துவப் பிழை இல்லை. அநாத்மக் கோட்பாட்டின்படி மாறாத 'நான்' கிடையாது. சார்புகளால் தோன்றி, சார்புகள் நீங்க மறைகிற ஒரு ஓட்டம்தான் உண்டு. மணிமேகலை வாசித்தவர்களுக்குப் பன்னிரு சார்புகள் புதிதல்ல. 'ஒருபால் உறவாளர்' என்ற அடையாளமும் அப்படிச் சார்பில் தோன்றியதே. சட்டம், மருத்துவம், காவல்துறை, ஏளனம் எல்லாம் சேர்ந்து ஒரு செயலை ஒரு ஆளாக்கின. அந்த ஆள் பிறகு எழுந்து நின்று உரிமை கேட்டார்.

சிக்கல் கோட்பாட்டில் இல்லை. அது யார் வாயிலிருந்து யார் காதுக்குப் போகிறது என்பதில் இருக்கிறது. 'சாதியெல்லாம் ஏது சார், எல்லாரும் மனுசங்கதானே' என்று அக்ரகாரத்துக்காரர் சேரிக்காரரிடம் சொல்வதை நாம் எவ்வளவு கேட்டிருக்கிறோம்! சொல் உண்மை, சொல்லல் மோசடி. தன் 'நான்'ஐப் பூட்டிப் பத்திரப்படுத்திவிட்டு அடுத்தவன் 'நான்'ஐக் கரைக்கச் சொல்வது தம்மம் ஆகாது. ஆண் என்பதும் கணவன் என்பதும் இயல்பு என்பதும் சார்பில் தோன்றியவைதாம். ஆனால் அவற்றுக்குப் பெயர் சொல்லத் தேவையில்லாமல் அதிகாரம் பார்த்துக்கொள்கிறது. பெயரே தேவைப்படாத அடையாளம்தான் மிகக் கெட்டியான ஆன்மவாதம். அநாத்மம் முதலில் தட்ட வேண்டிய கதவு அது.

அப்படியானால் உரிமை கேட்பவர் தன் அடையாளத்தை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டுமா? புத்தர் சொன்ன ஓடத்தின் உவமை இங்கே உதவும். ஆற்றைக் கடக்க ஓடம் வேண்டும், கரையேறியபின் தலையில் சுமக்க வேண்டாம். அடையாளமும் ஓடம்தான். ஆனால் நடு ஆற்றில் நிற்பவனைப் பார்த்து, கரையில் இருப்பவன் ஓடத்தை விட்டுவிடு என்று சொல்வதற்குப் பெயர் ஞானம் அல்ல.

கடைசியாக ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இஸான் டார்ஸி. ஒருபால் உறவுக்காக அமெரிக்கக் கடற்படையிலிருந்து வெளியேற்றப்பட்டவர். பெண்வேடமிட்டு மேடைகளில் ஆடியவர், போதையில் கிடந்தவர். பிறகு ஜென் துறவி. எய்ட்ஸ் நோயாளிகளைத் தொடவே அஞ்சிய காலத்தில், சான் பிரான்சிஸ்கோவின் காஸ்ட்ரோ பகுதியில் தம் தியான மடத்துக்குள்ளேயே வீடற்ற ஒரு நோயாளி இளைஞனைக் கொண்டுவந்து படுக்கவைத்தார். 1987இல் அப்படித் தொடங்கிய இல்லத்துக்கு 'மைத்ரி' என்று பெயர். 1990 செப்டம்பரில் அவரும் எய்ட்ஸில் இறந்தார்.

பண்டகருக்கு வாசலை அடைத்தபோது சங்கம் ஊரின் பேச்சுக்குப் பயந்தது. இஸான் வாசலைத் திறந்தபோது ஊர் பேசத்தான் செய்தது. அவர் நோயாளிக்குப் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தார். 'நான்' கரைவது என்றால் என்னவென்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். அடுத்தவன் அடையாளத்தை இறக்கி வைக்கச் சொல்வதில் அது இல்லை. அவன் சுமையின் ஒரு முனையை நாம் பிடிப்பதில் இருக்கிறது.