ஏட்டில் வாழும் இசை

ஒலித்த கணத்திலேயே காற்றில் கரைந்துவிடுவது இசை. அதனைக் காலம் கடந்தும் காத்து நிற்பவற்றுள் இருவகை உண்டு: ஒன்று மாணவரின் நினைவு, மற்றொன்று எழுத்து. இசையறிஞர் ஒருவரின் கையெழுத்துப்படிகளும் மடல்களும், அவர்தம் பாடல்கள் சொல்லாத பலவற்றை நமக்குச் சொல்கின்றன.

திருவையாற்றில் வாழ்ந்த தியாகராஜர் (1767 – 1847) தம் பாடல்களை மாணவர்க்கு வாய்மொழியாகவே கற்பித்தார். அவற்றை எழுதிக் காத்தவர்கள் மாணவர்களே. அவர்களுள் ஒருவர் வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர். அவரும் அவருடைய மகன் கிருஷ்ணசாமி பாகவதரும் ஆசிரியரின் வரலாற்றையும் எழுதிவைத்தனர். அவர்கள் வழிவந்த சுவடிகள் மதுரை சௌராஷ்டிர சபையில் பாதுகாக்கப்பட்டன. காஞ்சிபுரத்துத் துறவி உபநிஷத் பிரம்மேந்திரர் தியாகராஜரைத் தம் ஊருக்கு அழைத்து எழுதிய மடலும் அவற்றுள் ஒன்று. காவிரிக் கரையில் பிறந்த இசை காஞ்சி வரை பரவியிருந்தமைக்கு அஃது ஒரு சான்று.

தியாகராஜர் வாழ்ந்த காலத்திலேயே ஐரோப்பாவில் வாழ்ந்தவர் பீத்தோவன் (1770 – 1827). இசையமைப்பாளராகவும் இசைக்குழுவை நடத்துநராகவும் விளங்கிய அவருடைய செவித்திறன் இளமையிலேயே குன்றத் தொடங்கியது. அத்துயரத்தை 1802ஆம் ஆண்டில் தம் உடன்பிறந்தாருக்கு ஒரு மடலாக எழுதினார், ஆனால், அனுப்பவில்லை. அவர் மறைந்த பின்னரே அது பிறர் பார்வைக்கு வந்தது. தம்மை வாழவைத்தது கலையே என்னும் செய்தி அதில் இருந்தது.

பிற்காலத்தில் நண்பர்கள் அவரிடம் கேட்க விரும்பியதைக் குறிப்பேட்டில் எழுதிக் காட்டினர். அவரோ பெரும்பாலும் வாயால் விடை கூறினார். ஆதலால், எஞ்சியுள்ள நூற்றுக்கும் மேற்பட்ட குறிப்பேடுகளில் வினாக்கள் மிகுதி. அவருடைய விடைகள் குறைவு. அவர் மறைந்த பிறகு, உதவியாளராக இருந்த சிண்ட்லர் அவ்வேடுகளில் பொய்யான வரிகளைச் சேர்த்ததும் இருபதாம் நூற்றாண்டில் ஆய்வாளர்களால் கண்டறியப்பட்டது.

எனவே, எழுத்தில் இருப்பதனாலேயே ஒன்று உண்மையாகிவிடாது. எழுதியவர் யார், யாருக்காக எழுதினார், எப்போது எழுதினார், நம் கையில் இருப்பது மூலமா படியா என்னும் வினாக்களை எழுப்பிய பின்னரே அதனைச் சான்றாகக் கொள்ளுதல் வேண்டும். அவ்வாறு ஆராய்வதற்கு முதலில் ஏடு எஞ்சியிருக்க வேண்டும். நம் வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய பாட்டுக் குறிப்பேட்டையோ மடலையோ பயனற்றதென்று கழித்துவிடும் முன், ஒருமுறை பிரித்துப் படித்துப் பார்ப்பது நம் கடமையாகும்.