குழாய் எடுத்த பிறகு பிஞ்சு நெஞ்சுக்கு

நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஒட்சிசன், கொழும்பில் கிடைப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. நமக்கு அது தெரிவதில்லை. குறைமாதத்தில் பிறந்து, செயற்கைச் சுவாசக் கருவியிலிருந்து மெல்ல விடுபடும் பிள்ளைக்கு அது பெருஞ்சுமை. எடை குறைந்து பிறக்கும் பிள்ளைகளின் விகிதம் நாட்டிலேயே தோட்டப்புறங்களில்தான் அதிகம். அதனால் இந்த விஷயம் லயத்துத் தாய்மாருக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

செயற்கைச் சுவாசத்துக்காக ஒரு கிலோவுக்கும் குறைவான பிள்ளையின் மூச்சுக்குழலில் வைக்கும் குழாயின் உள்விட்டம் 2.5 மில்லிமீற்றர்தான். அது இருக்கும்வரை பிள்ளைக்கு அழுகைச் சத்தம் வராது. நன்றாக இருமவும் முடியாது. சளி தேங்கும். குழாயை எடுத்த பிறகு அந்தச் சளி மூச்சுக்குழலின் ஒரு கிளையை அடைத்தால், அதற்கப்பால் நுரையீரல் காற்றிழந்து சுருங்கிவிடும். பெரும்பாலும் வலப்பக்க மேல்மடல்தான் அகப்படும்.

இதற்குத்தான் நெஞ்சு இயன்மருத்துவம். சின்னஞ்சிறு முகமூடியைக் கவிழ்த்து விலாவின்மேல் மெதுவாகத் தட்டுவார்கள். அல்லது பிள்ளை மூச்சை வெளியே விடும் கணத்தில் மட்டும் விரல்நுனியால் அதிர்வு கொடுப்பார்கள். மற்றக் கை தலையை அசையாமல் தாங்கியிருக்கும். கடைசியில் மெல்லிய குழாயால் சில விநாடிகளில் சளியை உறிஞ்சி எடுப்பார்கள்.

தலையைத் தாங்கும் அந்தக் கைதான் உயிர்நாடி. நியூசிலாந்தின் ஓக்லாந்தில் 1992-94 காலத்தில், மிகவும் குறைமாதத்தில் பிறந்த 13 பிள்ளைகளுக்கு மூளையில் பாதிப்பு காணப்பட்டது. தட்டும்போது தலை ஆடியதற்கும் அதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று 1998இல் மருத்துவர்கள் எழுதினார்கள். குழாய் எடுத்த எல்லாப் பிள்ளைகளுக்கும் தட்டுவதால் தெளிவான பயன் உண்டென்று ஆய்வுகளும் காட்டவில்லை. சளி உண்மையிலேயே அடைத்திருக்கும் பிள்ளைக்கு மட்டும் அளந்து செய்வதே சரி என்பேன்.

இன்று பக்கம் மாற்றிப் படுக்க வைப்பதும், மூக்குவழி தொடர்ந்து மென்மையாகக் காற்றழுத்தம் கொடுப்பதும்தான் முக்கியம். மூச்சைத் தூண்ட கஃபீன் மருந்தும் உண்டு. நம் கொழுந்தில் இருக்கும் அதே கஃபீன்தான்! அதற்காகப் பிள்ளைக்குச் சாயத்தண்ணி கொடுத்துவிடாதீர்கள். மருந்தின் அளவு எடை பார்த்துத் தீர்மானிப்பது.

வீட்டுக்கு வந்த பிறகு நீங்களாக நெஞ்சைத் தட்ட வேண்டாம். மூச்சு நிமிடத்துக்கு 60க்கு மேல் ஓடினாலோ, விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ விடியட்டும் என்று காத்திராமல் 1990 இலவச அம்புலன்ஸை அழையுங்கள்.