அமோனியாவும் காற்றில் மிதக்கும் துணிக்கைகளும்

மாட்டுக்கொட்டிலிலும் எருக்குழியிலும் மூக்கை உறுத்தும் நெடி அமோனியா வாயுவினுடையது. காற்றிற் கலந்தபின் அது வாளாவிருப்பதில்லை. பைன் மரங்கள் வெளிவிடும் நறுமண ஆவிகள் ஒட்சியேற்றமடைந்து சேதன அமிலங்களாகின்றன. இவற்றுட் சில, தனித்திருப்பின் எளிதில் ஆவியாகிவிடும். காரத்தன்மையுள்ள அமோனியா சேர்ந்தாலோ, அத்துணை எளிதில் ஆவியாகாத உப்புகளாகித் துணிக்கைகளில் நிலைபெறும்.

சல்பூரிக்கமிலத்துடனும் அமோனியா இணைகின்றது. ஜெனீவாவுக்கு அண்மையிலுள்ள சேர்ண் ஆய்வுகூடத்துச் சோதனை முடிவொன்று 2011ஆம் ஆண்டில் வெளியாயிற்று. காற்றில் ஆயிரங்கோடியில் ஒரு பங்கான அமோனியாவே அவ்வமிலத் துணிக்கைகள் பிறக்கும் வேகத்தை 100 மடங்கிற்கும் மேலாக உயர்த்தியது.

இத்துணிக்கைகள் வளர்ந்து முகில் உருவாகத் துணைபுரியும். மிகுந்தால் நுரையீரலுட் புகுந்து நோய் தரும். ஆதலின், காற்றைத் தூய்மையாக்க விழைவோர் ஆலைப்புகையை மட்டுமன்றி, எருக்குவியலையும் உரமிடும் முறையையும் கருதுதல் வேண்டும்.