ப்ரீவீல் இல்லாச் சைக்கிளும் அதனை ஊர்வாரும்

நம் நாட்டில் சைக்கிள் ஊர்ந்தறியாதார் மிகச் சிலரே. பால்காரரும் தபால்காரரும் நெடுங்காலமாக ஊர்ந்து வந்த கறுப்பு வண்டிக்கு முன்னே ஒரு பற்சக்கரம், பின்னே ஒரு பற்சக்கரம், இடையே ஒரு செயின், அவ்வளவே. மேட்டுக்கு ஒன்றும் பள்ளத்துக்கு ஒன்றுமாகப் பல்லை மாற்றும் பொறி ஏதும் அதற்கில்லை. எமது விடுதிச் சமையற்காரர் காய்கறிக் கூடையோடு சந்தையினின்றும் மீள்வதும் அவ்வகை வண்டியிலேதான். ஆதலின், மேனாட்டு நகரங்களில் இளைஞர் பலர் ஒற்றைப் பல் வண்டியைத் தேடி விலை கொடுத்து வாங்கி ஊர்கின்றனர் என்று சொன்னால், இதில் என்ன புதுமை என்று நம்மவர் நகைப்பர். நகைப்பது தகும். ஆயினும் அவ்வண்டிகளுள் ஒரு வகை நம் வண்டியினின்றும் ஓர் உறுப்பால் வேறுபட்டது. அவ்வோர் உறுப்பின் குறைவால் அதனை ஊர்வாருடைய அன்றாட வாழ்வே வேறுபடுகின்றது. அதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

மேட்டினின்றும் இறங்குங்கால் நாம் காலை ஓய்வாக வைத்திருக்கச் சக்கரம் மட்டும் உருண்டோடுவதும், பின்சக்கரத்தின் குடத்தருகே கிட்கிட்டென்று ஓர் ஒலி எழுவதும் யாவரும் அறிந்தவை. ப்ரீவீலினுள் அமைந்த சிறு நாக்குகள் பற்களின்மேல் வழுக்கிச் செல்வதனால் எழும் ஒலி அது. முன்னோக்கி மிதித்தால் நாக்குகள் பற்களைப் பற்றிச் சக்கரத்தைத் தள்ளும். மிதியாது விட்டால் பற்றினை விடும். இந்த ப்ரீவீலை அறவே நீக்கிவிட்டு, பின்பற்சக்கரத்தைக் குடத்தின்மேல் நேரே திருகி இறுக்கிவிட்டால் யாது நிகழும்? சக்கரம் சுழலுமளவும் பெடல் சுழலும்; பெடல் சுழலுமளவும் கால் சுழலும். ஓய்தல் என்பதே அவ்வண்டியில் இல்லை. பின்னோக்கி மிதித்தால் வண்டி பின்னோக்கியே செல்லும். ஓடும் வண்டியில் பெடலை எதிர்த்துக் காலை அழுத்தினால் வேகம் குறையும். அவ்வாறு அழுத்துங்கால் பற்சக்கரம் கழன்றுவிடாதோ எனின், அதன்மேல் இடப்புறமாகத் திருகும் வளையம் ஒன்று பூட்டப்படுகின்றது. பற்சக்கரம் கழல முயலும் அம்முயற்சியே வளையத்தை மேலும் இறுக்கிவிடும். எளிய அமைப்பேயாயினும் நுட்பமானது.

மூன்றாம் வேற்றுமையின் உடனிகழ்ச்சிப் பொருளுக்கு இதனினும் நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. ஒடு உருபு உயர்ந்ததன் பெயரோடு வரும் என்பது இலக்கணம். சக்கரத்தோடு கால் சுழல்கின்றதா, காலோடு சக்கரம் சுழல்கின்றதா என்பது அவ்வண்டியை ஊர்பவனுக்கே விளங்காத ஐயம்.

இது புதிய பொறியன்று. 1885-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே காவண்ட்ரி நகரத்து ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பார் இயற்றிய ரோவர் வண்டியே இற்றைச் சைக்கிள்களுக்கு மூதாதை. அதற்கும் ப்ரீவீல் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி ப்ரீவீல் பரவியபின் தெருவில் ஓடும் வண்டிகள் அதனை ஏற்றுக்கொண்டன. வட்டப்பாதையில் ஓடும் பந்தய வண்டிகள் மட்டும் ஏற்கவில்லை. அங்கே ஒருவன் திடீரெனப் பிரேக் பிடித்தால் பின்வருவோர் அவன்மேல் விழுவர். ஆதலின் அவ்வண்டிகளுக்கு ப்ரீவீலும் இல்லை, பிரேக்கும் இல்லை. நியூயார்க்கு நகரத்து மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் அந்நாளில் ஆறு நாள் இடைவிடாத பந்தயங்கள் நடந்தன. உறக்கமின்றி ஓடி ஓடி மனிதர் மயங்கி வீழ்வதைக் கண்டு, ஒருவன் ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடலாகாது என்று சட்டம் செய்தனர். பந்தயம் நடத்துவோர் சளைக்கவில்லை. இருவரை ஓர் அணியாக்கி மாறி மாறி ஓடச் செய்தனர். அவ்வகைப் பந்தயத்துக்கு இன்றும் மாடிசன் என்றே பெயர்.

பந்தய வட்டத்துக்குரிய இவ்வண்டி நகரத் தெருவுக்கு வந்த கதையே யாம் சொல்ல விரும்புவது. அதற்கு நியூயார்க்கு நகரையே எடுத்துக்கொள்வோம். அந்நகரின் மான்ஹாட்டன் தீவிலே வழக்கறிஞர், விளம்பரக்காரர், பதிப்பாளர் ஆகியோர் அலுவலகங்கள் நெருங்கி நிற்பன. ஓர் அலுவலகத்தினின்றும் மற்றோர் அலுவலகத்துக்கு ஒப்பந்தப் பத்திரமும் படச்சுருளும் அரைமணிக்குள் சேர வேண்டுமெனின், மோட்டார் நெரிசலில் அது கைகூடாது. அதனால் சைக்கிளில் கடிதம் சுமக்கும் தூதர் கூட்டம் ஒன்று தோன்றிற்று. 1980-களில் அத்தொழில் உச்ச நிலையில் இருந்தது. அவர்களுக்கு மாதச் சம்பளம் இல்லை. உறை ஒன்றுக்கு இத்தனை என்று கூலி. மழை பெய்யினும் பனி வீழினும் ஓடினாலன்றி அன்றைய உணவு இல்லை. ஹார்லெம் பகுதியினரான நெல்சன் வேய்ல்ஸ் இத்தொழில் செய்தவர். 1984-இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் வட்டப்பாதை விரைவோட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். தெருவும் வட்டப்பாதையும் ஒருவர் காலிலேயே கூடியதற்கு அவர் சான்று.

தூதர் பலர் இவ்வண்டியைத் தேர்ந்ததற்குக் காரணம் அழகன்று, சிக்கனம். நியூயார்க்கில் குளிர்காலத்தில் பனியை உருக்கத் தெருவில் உப்பை இறைப்பர். உப்பு நீர் பட்டால் பல்மாற்றும் பொறியும் பிரேக் கம்பியும் துருவேறும்; ஒவ்வொரு பழுதுக்கும் ஒரு நாள் கூலி போகும். உறுப்புக் குறைந்த வண்டிக்குப் பழுதும் குறைவு. அன்றியும், மோட்டார்களின் இடையே ஊர்ந்து செல்லுங்கால் வேகத்தை நூலிழையளவு கூட்டவும் குறைக்கவும் கால் ஒன்றே போதுமானதாயிருப்பது பெரிய வசதி. இவ்வண்டியை ஊர்ந்து பழகியோர், தரையைத் தம் உள்ளங்காலால் உணர்வதாகச் சொல்வர்.

சிவப்பு விளக்கு எரிகின்றது. நாமாயின் ஒரு காலைத் தரையில் ஊன்றி நிற்போம். அவர்களோ ஊன்றுவதில்லை. பெடல் இரண்டும் சமமட்டமாய் நிற்க, முன்சக்கரத்தைச் சற்றே ஒருபுறம் திருப்பி, ஓர் அங்குலம் முன்னும் ஓர் அங்குலம் பின்னுமாக அசைத்து, நின்ற இடத்திலேயே நிற்பர். வண்டி பின்னோக்கியும் செல்லுமாதலின் இது இயல்கின்றது. பார்ப்போர்க்கு வித்தை, செய்வோர்க்குப் பெடலில் வாரிட்டுக் கட்டிய பாதத்தை விடுவிக்கும் தொல்லை மிச்சம்.

நிறுத்தும் முறை இன்னும் கடினம். உடலை முன்னே சாய்த்துப் பின்சக்கரத்தின் பாரத்தைக் குறைத்து, இரு காலையும் இறுக்கிப் பெடலை அசையாது பிடித்தால், பின்சக்கரம் சுழலாமல் தரையில் தேய்ந்து சறுக்கும். இங்கே ஒரு கணக்கு வேடிக்கை உண்டு. முன்னே 48 பல்லும் பின்னே 16 பல்லும் கொண்ட வண்டியில் பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரம் சரியாக மூன்று சுற்றுச் சுற்றும். சறுக்குபவன் எப்போதும் ஒரே காலையே முன்வைத்துச் சறுக்குவானாதலின், டயரின் ஒரே இடம் மீண்டும் மீண்டும் தரையில் தேயும். சில நாளில் அவ்விடம் ஓட்டையாகிவிடும். முன்னே ஒரு பல் குறைத்து 47 ஆக்கினாலோ, தேய்வு டயரைச் சுற்றிப் பதினாறு இடங்களில் பகிர்ந்து வீழும். 47, 16 என்னும் எண்களுக்குப் பொது வகுத்தி இல்லாமையே காரணம். பள்ளியில் பின்னங்களைச் சுருக்கக் கற்றபோது இதனால் என்ன பயன் என்று முணுமுணுத்தோர் இதனைக் கவனிக்க.

48-க்கு 16 என்ற அவ்வண்டியே பெடலின் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஆறேகால் மீட்டர் செல்லும். நிமிஷத்துக்கு 90 சுற்று மிதித்தால் மணிக்கு 34 கிலோமீட்டர் வேகம். சமதரையில் இது இனிது. மான்ஹாட்டனையும் புரூக்ளினையும் இணைக்கும் வில்லியம்ஸ்பர்க்கு பாலமோ நடுவில் உயர்ந்தது. ஏறுங்கால் எழுந்து நின்று மிதிக்க வேண்டும். இறங்குங்கால் கால் தன் வசத்தில் இராது. வண்டி விரைய விரையக் காலும் விரைந்தே தீரவேண்டும். இதனால், பின்குடத்தின் ஒருபுறம் நிலைத்த பல்லும் மறுபுறம் ப்ரீவீலும் உடைய சக்கரத்தை வைத்திருப்போரும் உண்டு. முழங்கால் நோவும் நாளில் சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் பூட்டிக்கொள்வர். இவ்வண்டிகளின் சக்கரம் பெரும்பாலும் நட்டினால் இறுக்கப்படுவதாதலின் பதினைந்து மில்லிமீட்டர் ஸ்பானர் ஒன்று எப்போதும் பையில் இருக்கும்.

செயினைப் பற்றி ஒரு வார்த்தை. அது தளர்ந்தால் பல்லினின்றும் நழுவும்; நழுவினால் காலுக்கும் சக்கரத்துக்கும் உள்ள தொடர்பு அற்றுப்போம். கைப்பிரேக் இல்லாதவனுக்கு அப்போது வண்டியை நிறுத்தும் வழியே இல்லை. காற்சட்டையின் ஓரமோ செருப்பின் கயிறோ செயினில் அகப்பட்டால், ப்ரீவீல் உள்ள வண்டியில் காலை நிறுத்திவிடலாம். இங்கே சக்கரம் நிற்கும்வரை செயின் இழுத்துக்கொண்டே போகும். அவர்கள் வலக்காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிவிட்டுத் திரிவதை நாகரிகம் என்று நினைப்பார் நினைக்க, காரணம் இதுவே. சக்கரத்தைக் கையாற் சுழற்றிக்கொண்டே செயினைத் துடைக்கப் புகுந்து விரலை இழந்தோரும் உளர்.

தூதரை நகரம் அன்போடு நடத்தியது என்று சொல்வதற்கில்லை. 1987-ஆம் ஆண்டில் மேயர் எட் காச் என்பார், ஐந்தாம் அவென்யூ, பார்க் அவென்யூ, மாடிசன் அவென்யூ ஆகிய மூன்றிலும் 31-ஆம் தெரு முதல் 59-ஆம் தெரு வரை, வேலைநாட்களில் காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை சைக்கிள் ஓடலாகாது என்று அறிவித்தார். நடந்து செல்வோர்க்கு ஆபத்து என்பது அவர் சொன்ன காரணம். கூலி கிடைக்கும் நேரமும் கூலி கிடைக்கும் தெருவும் அவையேயாதலின் தூதர் கொதித்தெழுந்தனர். அவென்யூவை அடைத்துக்கொண்டு கூட்டமாக மெல்ல ஊர்ந்து சென்று எதிர்ப்புத் தெரிவித்தனர். முறைப்படி முன்னறிவிப்புச் செய்யப்படவில்லை என்று நியாயஸ்தலம் அவ்வாண்டே அத்தடையைத் தள்ளிற்று. மேயரால் ஆகாததைப் பின்னர் மின்னஞ்சல் செய்து முடித்தது. பத்திரமும் படமும் கம்பிவழிச் செல்லத் தொடங்கியபின் தூதர் தொகை சுருங்கிற்று. இன்று அந்நகரில் உணவு சுமந்து விரைவோர் பெரும்பாலும் மின்சைக்கிளில் செல்கின்றனர்.

தூதர் குறைந்தனர், அவர் வண்டி மட்டும் தெருவில் நிலைத்தது. மாணவரும் ஓவியரும் கடைச் சிப்பந்திகளும் அதனை விரும்பி மேற்கொண்டனர். புரூக்ளினில் 2008 முதல் பல ஆண்டுகள், பிரேக் இல்லா வண்டிகளுக்கென்றே ரெட்ஹுக் என்னும் துறைமுகப் பகுதியிற் பந்தயம் நடந்தது. 2012-இல் ஹாலிவுட்டார் பிரேக் இல்லாத் தூதன் ஒருவனைக் கதாநாயகனாக்கி ஒரு படமும் எடுத்துவிட்டனர். பசிக்காக ஓடியவன் கருவி, பார்வைக்காக ஓடுபவன் கைக்கு மாறியது. மாறவே, தூதனிடம் இருந்த பல்லாண்டுப் பழக்கம் கருவியோடு சேர்ந்து மாறவில்லை.

இங்கேதான் பிரேக் வழக்கு எழுகின்றது. உலர்ந்த, சமமான, தூய தரையில் சக்கரத்தைச் சறுக்கச் செய்யும் பிரேக் ஒன்று சைக்கிளுக்கு வேண்டும் என்பது நியூயார்க்கு மாநிலச் சட்டம். எம் காலே அதனைச் செய்கின்றதே, காலும் பிரேக்கன்றோ என்பது ஊர்வார் வாதம். ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லண்டு நகரில் 2006-இல் இவ்வாதம் நியாயஸ்தலம் ஏறித் தோற்றது. சொல்லளவில் வாதம் அழகியதே. பொருளளவில் யாம் அதனை ஏற்கமாட்டோம். வண்டி வேகம் குறையுங்கால் பாரமெல்லாம் முன்சக்கரத்தின்மேல் சாய்கின்றது; பின்சக்கரம் இலேசாகித் தரையைப் பற்றும் வலி இழக்கின்றது. அதனால் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டியை முன்பிரேக் ஏழு மீட்டரளவில் நிறுத்துமாயின், பின்சக்கரம் மட்டும் நிறுத்த அதனினும் இருமடங்கு தூரம் ஆகும். காலின் பலம் எவ்வளவாயினும் இக்கணக்கு மாறாது. குறை காலில் இல்லை, சக்கரத்தின் பாரத்தில் உள்ளது.

இங்கிலாந்தில் இவ்வழக்குக்கே இடமில்லை. நிலைத்த பல் வண்டிக்கும் முன்சக்கரத்தில் பிரேக் கட்டாயம் வேண்டும் என்று 1983-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. ஆயினும் 2016-இல் லண்டன் நகரத்து ஓல்டு ஸ்ட்ரீட்டில், முன்பிரேக் இல்லாத இவ்வகை வண்டியில் வந்த இளைஞன் ஒருவன் தெருவைக் கடந்த பெண்மணி ஒருவர்மேல் மோதினான். அவர் இறந்தார். அவருக்கு வயது நாற்பத்து நான்கு. இரு குழந்தைகளின் தாய். அவனுக்கு வயது பதினெட்டு, எம்மினும் ஓராண்டு இளையவன். மறுவருஷம் நடந்த விசாரணையில் கொலைக்குற்றத்தினின்றும் விடுவிக்கப்பட்டான். ஆயினும் வெறிகொண்டு வண்டி ஓட்டிய குற்றத்துக்காக 1861-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பதினெட்டு மாதச் சிறைக்காவல் பெற்றான். ஸ்டார்லியின் வண்டி பிறப்பதற்கு இருபத்து நான்கு ஆண்டு முன்னே, குதிரை வண்டிகளை எண்ணி எழுதிய சட்டம் அது.

வண்டியோடு காலை ஒன்றுபடுத்தும் இன்பத்தை ஊர்பவன் தானே தேர்ந்துகொள்கின்றான்; அதன் ஆபத்தையும் அறிந்தே ஏற்கின்றான். தெருவைக் கடப்பவர் அவன் காலின் திறத்தை அறியார். அதற்கு உடன்படவும் இல்லை. இதனை உணர்ந்தோர் அக்கூட்டத்திலும் பலர் உளர். அவர்கள் நிலைத்த பல்லை விடாமலே முன்சக்கரத்துக்கு ஒரு பிரேக் பூட்டி, காலால் வேகத்தை ஆண்டு, கையால் நிறுத்துகின்றனர். குவீன்ஸ் பகுதியில் கிஸ்ஸீனா பூங்காவை ஒட்டி ஒரு பந்தய வட்டம் உண்டு. சுற்றளவு ஏறக்குறைய 400 மீட்டர். வட்டத்துக்குள் பிரேக் கூடாது என்பது விதியாதலின், தெருவழியே அங்குச் செல்வோர் அதனை அங்கே கழற்றிப் பையில் இட்டுக்கொள்வர். ஓட்டம் முடிந்தபின், வீடு திரும்பத் தெருவில் இறங்குமுன்னே மீண்டும் பூட்டிக்கொள்வர்.